அரிஸ்டோட்டில்: அளவையும் ஒழுக்கமும்

கிரேக்க மெய்யியலாளருள் சோக்கிரதீஸ், பிளேட்டோ, அரிஸ்டோட்டில் என்னும் மூவர் பெயரையும் கற்றோர் யாவரும் அறிவர். ஆசிரியரும் மாணாக்கருமாக ஒருவர்பின் ஒருவராய் வந்த பரம்பரை அது. சோக்கிரதீஸ் ஒரு நூலும் எழுதிலர்; தெருவிலும் சந்தையிலும் நின்று வினாவினார். பிளேட்டோ அவ்வினாக்களை உரையாடல்களாக எழுதினார். மூன்றாமவராகிய அரிஸ்டோட்டிலோ, மனிதன் நேராகச் சிந்திப்பது எங்ஙனம், நன்றாக வாழ்வது எங்ஙனம் என்ற இரு வினாக்களையும் இரண்டு தனிச் சாத்திரங்களாக வகுத்தார். முன்னையது அளவையியல், பின்னையது ஒழுக்கவியல். இன்று சர்வகலாசாலையில் மெய்யியல் பயிலப் புகும் மாணவன் எவனும் இவ்விரண்டின் வாயிலிலும் இவர் பெயரையே முதலிற் காண்கின்றான்.

பெரியோர் வரலாற்றைப் புகழ்ச்சியாக மட்டும் படிப்பதால் நாம் பெறும் பயன் சிறிது. இப்பேரறிஞர் எவ்விடத்தில் நேரே சென்றார், எவ்விடத்தில் வழுவினார், அவ்வழுவைக் கண்டுகொள்ளும் கருவியையும் அவரே நமக்கு எவ்வாறு தந்து சென்றார் என்பதை அறிதலே பெரும்பயன். அந்நோக்குடனேயே அன்னாரின் சரித்திரத்தை இங்கே சுருங்கக் கூறுவாம்.

இளமையும் கல்வியும்

அரிஸ்டோட்டில் கி. மு. 384ஆம் ஆண்டில், கிரேக்க தேசத்தின் வடபாகத்திலே, ஸ்டகீரா என்னும் சிறிய பட்டினத்திற் பிறந்தார். தந்தையார் நிக்கோமாக்கஸ், மசிடோனிய அரசன் அமிந்தாஸின் வைத்தியர். தாயாரின் குடும்பம் யூபோயாத் தீவிலுள்ள கால்கிஸ் நகரத்தைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அரிஸ்டோட்டில் எப்பொருளையும் நேரிற் பார்த்து, வகைபிரித்து, குறிகண்டு உரைக்கும் இயல்பினராக விளங்கினார். வைத்தியர் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு அது பொருந்திய இயல்பே.

பெற்றோரை அவர் இளமையிலேயே இழந்தார். புரொக்சேனஸ் என்பவர் காப்பாளராயிருந்து அவரை வளர்த்தார். அந்நன்றியை அரிஸ்டோட்டில் வாழ்நாள் முழுவதும் மறந்திலர். தம் மகளைப் புரொக்சேனஸின் மகனாகிய நிக்கானோருக்கே மணஞ்செய்து கொடுக்க வேண்டுமென மரணசாதனத்திலும் விதித்துச் சென்றார்.

பதினேழாம் வயதில், கி. மு. 367இல், ஏதென்ஸ் நகரம் புகுந்து பிளேட்டோவின் அக்கடமி என்னும் கல்விக்கழகத்தில் மாணாக்கரானார். சோக்கிரதீஸ் நஞ்சுண்டு இறந்து அப்போது முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அக்கடமியில் அவர் தங்கியது இரண்டோராண்டு அன்று, இருபது ஆண்டுகள். மாணாக்கராகப் புகுந்தவர் ஆசிரியராகி, தாமும் வாதங்களை நடத்தி, பிறர் வாதங்களைச் சோதித்து வளர்ந்தார்.

ஆசிரியரிடத்து அவருக்கு அன்பு மிகுதி; ஆயினும் கருத்திலே வேறுபாடும் உண்டாயிற்று. நாம் காணும் அழகிய பொருள்களுக்கு அப்பால் அழகு என்ற ஒன்று தனித்து நிலைபெறுகின்றது என்பது பிளேட்டோவின் கொள்கை. அழகிய பொருளை விட்டு அழகு தனியே நிற்பதில்லை, பொதுமை பொருள்களுக்குள்ளேயே உறைகின்றது என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. நட்பும் உண்மையும் இரண்டுமே அன்புக்குரியனவாயினும் உண்மையை முற்படப் போற்றுதலே கடன் என்ற கருத்தைத் தம் ஒழுக்கவியல் நூலில் இவ்விடயம் பற்றியே அவர் எழுதினார். குருபக்தி வேறு, குருவின் கூற்றை ஆராயாது ஏற்றல் வேறு என்பதை அவர் வாழ்க்கையின் முற்பகுதியே நமக்குக் காட்டுகின்றது.

கடற்கரையில் ஒரு கல்விக்கூடம்

கி. மு. 347இல் பிளேட்டோ காலமானார். அக்கடமியின் தலைமை அவருடைய மருமகன் ஸ்பியூசிப்பஸைச் சேர்ந்தது. அரிஸ்டோட்டில் ஏதென்ஸை விட்டு, சின்ன ஆசியாவின் கரையிலுள்ள அசோஸ் என்னும் நகரத்துக்குச் சென்றார். அந்நாட்டை ஆண்டவன் ஹெர்மியாஸ், மெய்யியலில் விருப்பமுடையவன். அவன் முன்னொருகால் அடிமையாயிருந்தவன் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. இச்செய்தியை வாசகர் மனத்திற் பதித்துக் கொள்க, பின்னர் வேண்டப்படும். ஹெர்மியாஸின் குடும்பத்துப் பெண்ணாகிய பித்தியாஸை அரிஸ்டோட்டில் மணந்தார். சில ஆண்டுகளில் பாரசீகர் ஹெர்மியாஸை வஞ்சனையாற் பிடித்துக் கொன்றனர். அவன் நினைவாக அரிஸ்டோட்டில் நற்குணத்தைத் துதித்து ஒரு பாட்டு இயற்றினார்.

அசோஸிலிருந்து அவர் அருகிலுள்ள லெஸ்போஸ் தீவுக்குச் சென்றார். அங்கே தியோபிராஸ்டஸ் என்னும் நண்பரோடு கூடிக் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். மீனவரிடம் கேட்டார், தாமே அறுத்தும் பார்த்தார். கோழிமுட்டைகளை நாட்கணக்கில் ஒவ்வொன்றாக உடைத்து, மூன்றாம் நாள் கழிந்தபின் இதயம் ஒரு சிறிய இரத்தப்புள்ளியாகத் துடிப்பதைக் குறித்து வைத்தார். ஓங்கில் என்னும் கடற்பிராணி மீனைப்போலத் தோன்றினும் குட்டி ஈன்று பாலூட்டுவது, நுரையீரலாற் சுவாசிப்பது, ஆதலால் மீன்களோடு சேர்த்து எண்ணத்தக்கதன்று எனக் கண்டவரும் அவரே.

அளவையியலின் அடிப்படை

இவ்வோங்கிலையே உதாரணமாகக் கொண்டு அவருடைய அளவையியலின் அடிப்படைகளை விளக்கலாம். இத்துறையில் அவர் எழுதிய ஆறு நூல்களைப் பிற்காலத்தார் ஒன்றுசேர்த்து ஓர்கனன் என்று பெயரிட்டனர். கருவி என்பது அதன் பொருள். தச்சனுக்கு வாள்போலவும் உளிபோலவும் எல்லாச் சாத்திரத்துக்கும் வேண்டிய கருவி அளவையியல் என்பது கருத்து.

முதலாவது எடுப்பு என்பது யாது என அறிதல் வேண்டும். வினா, வேண்டுதல், கட்டளை என்பன எடுப்பாகா. உண்மை என்றேனும் பொய் என்றேனும் சொல்லத்தக்க கூற்றே எடுப்பு. ஓர் எடுப்பு ஒரு வகுப்பு முழுவதையும் பற்றிப் பேசலாம். சிலவற்றைப் பற்றியும் பேசலாம். உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். இவ்வேற்றுமையை மறந்தே சபைகளில் நாம் பெரும்பாலும் வீண்வாதஞ் செய்கின்றோம். வணிகர் யாவரும் பொய்யர் என்று ஒருவன் கூறினால், அதனை மறுப்பதற்கு வணிகர் ஒருவரும் பொய்யர் அல்லர் என நிறுவ வேண்டியதில்லை. உண்மை பேசும் வணிகர் ஒருவரைக் காட்டினாற் போதும்; அவன் கூற்று வீழ்ந்துவிடும்.

இரண்டாவது முரணாமை விதி. ஒரு பொருளுக்கு ஒரு பண்பு ஒரே காலத்தில் ஒரே வகையால் உண்டு என்றும் இல்லை என்றும் கூறுதல் இயலாது. இதனை மறுப்பவனும் இதனைக் கைக்கொண்டே பேசவேண்டியவனாகின்றான். ஏனெனில், தான் மறுக்கின்றான் என்பதும் மறுக்கவில்லை என்பதும் ஒன்றே என்று அவனும் ஒப்பமாட்டான்.

மூன்றாவது நியாயத்தொடை. இரண்டு எடுகூற்றுக்களை வைத்து, அவற்றிலிருந்து மூன்றாவதாகிய முடிவு தப்பாது பிறக்கும்படி தொடுப்பது அது.

பாலூட்டும் பிராணிகள் யாவும் நுரையீரலாற் சுவாசிப்பன.
ஓங்கில் பாலூட்டும் பிராணி.
ஆகவே ஓங்கில் நுரையீரலாற் சுவாசிப்பது.

இங்கே ஓங்கிலையும் நுரையீரலையும் இணைக்கும் பாலமாக நிற்பது பாலூட்டும் பிராணி என்பது. இதனை மத்திய பதம் என்பர். முடிவிலே அது மறைந்துவிடுகின்றது. ஆனால் அது இல்லாமல் முடிவு இல்லை. நியாயத்தொடையின் உயிர்நிலை மத்திய பதம் என்று கண்டதே அரிஸ்டோட்டிலின் பெருஞ்சாதனை. இனி, வேறொன்று காண்க.

மீன்கள் யாவும் நீரில் வாழ்வன.
ஓங்கில் நீரில் வாழ்வது.
ஆகவே ஓங்கில் மீன்.

இரண்டு எடுகூற்றும் உண்மை, முடிவோ பொய். எவ்வாறாயிற்று? மீன்கள் யாவும் நீரில் வாழ்வன என்றதனால் நீரில் வாழ்வன யாவும் மீன்கள் என்பது பெறப்படாது. பாலம் இரு கரையையும் தொடவில்லை, தொடுப்பிலேயே பழுது. இதனைப் போலி என்பர். இனி மூன்றாவது காண்க.

நீரில் வாழ்வன யாவும் மீன்கள்.
ஓங்கில் நீரில் வாழ்வது.
ஆகவே ஓங்கில் மீன்.

இதன் தொடுப்பிலே யாதொரு பழுதும் இல்லை. முதலாவது நியாயத்தொடையின் அச்சிலேயே இதுவும் வார்க்கப்பட்டது. எடுகூற்றுக்களை ஒப்பினால் முடிவை ஒப்பியே தீரவேண்டும். ஆயினும் முடிவு பொய். ஏனெனில் முதல் எடுகூற்றுப் பொய். தொடுப்புச் செம்மையாயிருத்தலை அளவையியலார் வாய்ப்பு என்பர். வாய்ப்பு ஒன்று, உண்மை வேறொன்று. வாய்ப்பை அளவையியல் காட்டும். எடுகூற்று உண்மையோ என்பதை அளவையியல் காட்டாது. அதற்குக் கடற்கரைக்குச் சென்று ஓங்கிலைப் பார்க்கவேண்டும். இந்த வேற்றுமையே இக்கட்டுரையின் அச்சாணி.

தமிழ் படித்தோர்க்கு இவ்விடயம் முற்றிலும் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் ஐந்து உறுப்புக்களைக் கூறும். சிவஞானசித்தியாரும் அளவை இலக்கணத்தை முன்வைத்தே பொருளுட் புகும். அங்கே உறுப்பு ஐந்து, அரிஸ்டோட்டிலிடம் மூன்று. அங்கே மலையிற் புகையைக் கண்டவன் நெருப்பை அறிதற்கு அடுக்களை எடுத்துக்காட்டாகும். இங்கே பொது எடுப்பு அவ்விடத்தில் நிற்கும். இரு மரபையும் ஒப்பிட்டுக் கற்க விரும்பும் இளைஞருக்கு இது நல்லதோர் இடம்.

அரசகுமாரனின் ஆசிரியர்

கி. மு. 343 அளவில் மசிடோனிய அரசன் பிலிப்பு தன் மகன் அலெக்சாந்தருக்குக் கல்வி புகட்ட அரிஸ்டோட்டிலை அழைத்தான். மாணாக்கனுக்கு வயது பதின்மூன்று. மீயேசா என்னும் இடத்திற் பாடம் நடந்தது. பிலிப்பு முன்னர்த் தன் படையெடுப்பில் அழித்த ஸ்டகீராவை ஆசிரியரின் பொருட்டு மீண்டும் கட்டுவித்தான் என்பர்.

ஆசிரியர் அளவு என்பதைப் போதித்தார். மாணாக்கனோ அளவிறந்த வெற்றியை நாடினான். அலெக்சாந்தரோடு கீழ்நாடுகளுக்குச் சென்ற கலிஸ்தெனஸ் என்பவர் அரிஸ்டோட்டிலின் உறவினர். கிரேக்கர் அரசன் முன் வீழ்ந்து வணங்குதல் தகாது என அவர் மறுத்தார். சிறிது காலத்தில் சதிக்குற்றம் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டு மாண்டார். நல்லாசிரியர் வாய்த்தமையால் மட்டும் ஒருவன் நற்குணம் பெற்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? இதன் காரணத்தை அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியலே கூறும்.

லைசியமும் ஒழுக்கவியலும்

கி. மு. 335இல் அரிஸ்டோட்டில் ஏதென்ஸுக்கு மீண்டு, லைசியம் என்னும் சோலைப்புறத்தில் தமது கல்விக்கழகத்தைத் தொடங்கினார். வேற்றூரார் ஏதென்ஸில் நிலம் வாங்க முடியாது. ஆதலால் வாடகைக்கு எடுத்த இடங்களிலேயே பள்ளி நடந்தது. உலாவிக்கொண்டே பாடஞ் சொன்னமையால் அவர் வழியினர் உலாவுவோர் எனப் பெயர் பெற்றனர் என்பர். அக்கூடத்தின் அடித்தளமெனக் கருதப்படும் இடம் 1996இல் ஏதென்ஸ் நகரின் நடுவில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அவரும் மாணாக்கரும் 158 அரசுகளின் ஆட்சிமுறைகளைத் திரட்டினர். அவற்றுள் ஏதென்ஸின் ஆட்சிமுறை பற்றிய நூல் எகிப்தின் பப்பிரசுச் சுருள்களிற் கிடைத்து 1891இல் அச்சேறியது.

அவருடைய ஒழுக்கவியல் நூல்களுள் முதன்மையானது நிக்கோமாக்கிய ஒழுக்கவியல், பத்துப் பகுதிகளையுடையது. மனிதன் செய்யும் ஒவ்வொரு செயலும் ஏதோ ஒரு நன்மையைக் குறித்தது. மருந்து உண்பது சுகத்துக்காக, சுகம் எதற்காக? இவ்வாறு வினாவிக்கொண்டு போனால், வேறொன்றுக்காக அன்றித் தனக்காகவே விரும்பப்படும் ஒரு முடிந்த நன்மையில் நிற்கவேண்டும். அதுவே நல்வாழ்வு. செல்வம் அதுவன்று, செல்வம் கருவியே. புகழும் அதுவன்று, புகழ் தருவோர் கையிலுள்ளது. தனக்குரிய சிறந்த தொழிலாகிய பகுத்தறிவை நற்குணத்தோடு வாழ்நாள் முழுவதும் செலுத்துவதே மனிதனுக்கு நல்வாழ்வு என்று அவர் முடித்தார்.

அந்நற்குணம் எவ்வாறு வரும்? கேள்வியினால் மட்டும் வராது. நீந்தும் முறையை நூலிற் படித்தவன் நீந்துவானல்லன். நீரில் இறங்கியவனே நீந்துவான். அவ்வாறே நேர்மையான செயல்களைச் செய்து செய்து நேர்மையுடையவராகின்றோம். அஞ்சத்தக்க இடத்தில் நின்று நின்று வீரராகின்றோம். தீய பழக்கமும் இவ்வாறே வேரூன்றும். அலெக்சாந்தரின் ஆசிரியர் பாடஞ் சொன்னது சில ஆண்டுகளே. அரண்மனையும் போர்க்களமும் வாழ்நாளெல்லாம் பாடஞ் சொல்லின.

நற்குணம் இரு தீமைகளின் இடையில் நிற்பது என்பது அவருடைய புகழ்பெற்ற கொள்கை. கோழைமைக்கும் மூர்க்கத் துணிவுக்கும் இடையில் வீரம். உலோபத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் இடையில் ஈகை. இவ்விடைநிலையை அளவுகோலால் அளந்து நடுப்புள்ளியிட முடியாது. மல்லனுக்குப் போதாத உணவு பயிற்சி தொடங்கும் சிறுவனுக்கு மிகுதியாகும். ஆளும், காலமும், நோக்கமும் அறிந்து தக்கதைத் தெரியும் விவேகம் வேண்டும். இக்கொள்கையைக் கொண்டு எதற்கும் நடுவழி தேடலாம் என்று எண்ணுதலும் தவறு. களவுக்கும் கொலைக்கும் இடைநிலை இல்லை. சிறிதளவு களவு செய்தலும் களவே என்பது அவர் கருத்து.

நட்புக்கு மட்டும் அந்நூலின் இரண்டு பகுதிகளை அவர் ஒதுக்கினார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நண்பனின் நற்குணம் பற்றிய நட்பு என மூன்றாக வகுத்து, முதலிரண்டும் பயனும் இன்பமும் தீர்ந்தவுடன் தீர்ந்துபோம், மூன்றாவதே நிலைக்கும் என்றார்.

இன்னும் ஒன்று இங்கே மிக முக்கியம். ஒழுக்கவியலின் எடுகூற்றுக்களைக் கணிதத்தின் எடுகூற்றுக்களைப்போல் ஐயமற நிறுவ முடியாது என்றார் அவர். இன்னது நல்லது, இன்னது இழிந்தது என்று காணும் கண், நல்ல பழக்கத்தில் வளர்ந்தவனுக்கே வாய்க்கும் என்றும் கூறினார். அங்ஙனமாயின், ஒருவன் வளர்ந்த ஊரின் பழக்கமே பிழையாயிருந்தால் அவன் கண் என்ன செய்யும்?

எடுகூற்றிலே நேர்ந்த வழு

இவ்வினாவுக்கு விடை அரிஸ்டோட்டிலிடத்திலேயே கிடைக்கின்றது. அவர் வாழ்ந்த கிரேக்க நகரங்களில் வீட்டு வேலையும் வயல் வேலையும் சுரங்க வேலையும் அடிமைகளின் தோளிலே நின்றன. அரசியல் என்னும் நூலின் முதற்பகுதியில் அவர் அடிமை முறையை ஆராயப் புகுந்தார். அம்முறை இயற்கைக்கு மாறானது, வன்முறையால் நிலைபெறுவது, ஆதலால் நீதியன்று என்று அக்காலத்திலும் சிலர் கூறினர். அதனை அவரே குறிப்பிடுகின்றார். குறிப்பிட்டும் அவர்களோடு சேர்ந்திலர். அவர் வாதத்தைத் தொடையாக அமைத்தால் இவ்வாறு நிற்கும்:

தாமே ஆராய்ந்து துணியும் ஆற்றல் இயல்பாக இல்லாதார் பிறரால் ஆளப்படுதற்குரியர்.
மனிதருள் ஒரு பகுதியினர் அவ்வாற்றல் இயல்பாக இல்லாதார்.
ஆகவே அப்பகுதியினர் இயல்பாகவே அடிமைகளாதற்குரியர்.

தொடுப்பைப் பாருங்கள், பெரிய பழுது புலப்படாது. ஆனால் எடுகூற்றுக்கள்? ஓங்கிலைப் பற்றிக் கேட்டதுபோல இங்கும் கேட்கவேண்டும்: சென்று பார்த்ததுண்டா? கோழிமுட்டையை நாள்தோறும் உடைத்துப் பார்த்த கை, மீனவரிடம் நின்று கேட்ட செவி, தம் வீட்டு அடிமையின் உள்ளத்தை அவ்வாறு பார்த்ததாகத் தெரியவில்லை. முன்னர் அடிமையாயிருந்தவன் எனப்பட்ட ஹெர்மியாஸ் நாடாண்டான், மெய்யியல் பயின்றான், இவருக்கே நண்பனும் உறவினனும் ஆனான். இவரே அவன் நற்குணத்தைப் பாடினார். அடிமைப்பட்டோர் துணியும் ஆற்றலற்றோர் என்பதற்கு மறுப்புத் தம் வாசலிலேயே நின்றது.

நீதியாகப் பேசினால் மற்றொன்றும் கூறவேண்டும். போரிற் பிடிபட்டோர் யாவரும் இயல்பான அடிமைகள் அல்லர் என அவர் ஒப்புக்கொண்டார். இயற்கை சுதந்திரர் உடலையும் அடிமை உடலையும் வேறுபடுத்த விரும்பினும் பலவேளை மாறாகவே நிகழ்கின்றது என்றும் எழுதினார். அங்ஙனமாயின், இயல்பான அடிமை இன்னார் என எக்குறியால் அறிவது? அதற்கு அவரிடம் விடையில்லை. மேலும், அந்நூலின் பிற்பகுதி ஒன்றிலே, அடிமைகளுக்கெல்லாம் விடுதலையைப் பரிசாக வைத்தல் நன்று என்கின்றார். இங்கே அவருடைய முரணாமை விதியை அவர்மீதே செலுத்துக. இயல்பினால் ஆளப்படவேண்டியவனுக்கு விடுதலை கேடாகும்; விடுதலை அவனுக்குப் பரிசாகுமாயின் அவன் இயல்பினால் ஆளப்படவேண்டியவனல்லன். இரண்டும் ஒருங்கே நிற்கமாட்டா.

இறுதி நாட்கள்

கி. மு. 323இல் அலெக்சாந்தர் பபிலோனில் இறந்தான். ஏதென்ஸில் மசிடோனியப் பகை பொங்கியது. அரிஸ்டோட்டில்மீது தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டினர். ஹெர்மியாஸின் நினைவாக அவர் பாடிய பாட்டு, மனிதனைத் தெய்வமாக்கிய பாட்டு எனக் காட்டப்பட்டது என்பர். சோக்கிரதீஸுக்கு நேர்ந்தது நினைவில் இருந்தது. ஏதென்ஸ் மெய்யியலுக்கு இரண்டாம் முறையும் தீங்கிழைக்க இடங்கொடுத்தல் ஆகாது எனக் கருதி அவர் தாயார் ஊராகிய கால்கிஸுக்குச் சென்றார் என்று வரலாறு கூறும். மறு ஆண்டு, கி. மு. 322இல், அறுபத்திரண்டாம் வயதில், அங்கேயே நோயுற்று மறைந்தார்.

அவருடைய மரணசாதனம் இன்றும் நமக்குக் கிடைக்கின்றது. மனைவி பித்தியாஸ் முன்னரே இறந்துவிட்டார். அவர் விரும்பியபடி அவருடைய எலும்புகளைத் தம்மோடு ஒரே இடத்தில் அடக்கஞ் செய்ய வேண்டுமென விதித்தார். பின்னாளில் தம்மோடு வாழ்ந்த ஹெர்பிலிஸ் என்னும் பெண்மணி தம்மிடத்து அன்பாயிருந்தமையால் அவருக்கு வீடும் பொருளும் குறைவின்றி வழங்கும்படி சொன்னார். அதன்பின் அடிமைகளைப் பற்றிக் கூறினார். ஒருத்திக்கு விடுதலையும் ஐந்நூறு திராக்மாப் பணமும் வழங்க வேண்டும். மகளின் திருமணத்தின்போது வேறு சிலரை விடுதலை செய்யவேண்டும். தமக்குப் பணிவிடை செய்த பிள்ளைகளில் ஒருவரையும் விற்கலாகாது, அவர்கள் வயது வந்தபின் தகுதிநோக்கி விடுவிக்கவேண்டும்.

மெய்யியலாளர் எழுதிய நூலில் அடிமை ஒரு வகுப்பு. அதே மனிதர் எழுதிய மரணசாதனத்தில் அடிமைகள் பெயருடைய மனிதர். நூலின் எடுகூற்றை அவர் திருத்தி எழுதிலர். ஆனால் கடைசியிற் கையெழுத்திட்ட பத்திரம் அதற்கு மாறாக நின்றது. அருகிலிருந்து நோக்கிய கண், தொலைவிலிருந்து வகுத்த அறிவைக் காட்டிலும் ஓரளவு தெளிவாகக் கண்டது என்றே யான் கொள்கின்றேன்.

பொய்யெடுகூற்றின் நீண்ட ஆயுள்

துரதிர்ஷ்டவசமாக, மரணசாதனத்தைப் படித்தோர் சிலர். அரசியல் நூலைப் படித்தோர் பலர். அரிஸ்டோட்டிலின் நூல்கள் அரபு நாட்டு அறிஞரால் போற்றப்பட்டன. கொர்தோபா நகரத்து இப்னு ருஷ்து (1126–1198) அவற்றுக்கு விரிவுரை வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் அவற்றைக் கிறிஸ்தவக் கல்வியுள் நிலைநாட்டினார். நூல் பரவிய இடமெல்லாம் வழுவும் பரவிற்று.

1550, 1551ஆம் ஆண்டுகளில் ஸ்பெயின் தேசத்து வல்லடோலித் நகரிலே ஒரு பெரும் வாதம் நடந்தது. அமெரிக்கக் கண்டத்துச் சுதேசிகளைப் போரினால் அடக்கியாளுதல் நீதியோ என்பது வினா. அரிஸ்டோட்டிலின் அரசியல் நூலை லத்தீனில் மொழிபெயர்த்த செபுல்வேதா, அச்சுதேசிகள் இயல்பாகவே அடிமைகள் என்று அந்நூலைக் கொண்டே வாதித்தார். எதிர்த்து நின்றவர் லாஸ் காசாஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி. அந்நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்து, அம்மக்களின் நகரங்களையும் சட்டங்களையும் கலைகளையும் நேரிற் கண்டவர். அவர் தொடுப்பைத் தாக்கவில்லை. இம்மக்கள் அறிவாற்றல் அற்றோர் என்னும் சிற்றெடுகூற்றைத் தாக்கினார். அது பொய் எனக் காட்டினால் முடிவு தானே விழும் அல்லவா? நீதிபதிகள் தெளிவான தீர்ப்பு ஒன்றும் வழங்கிலர். ஆயினும் எங்கே பார்க்கவேண்டும் என்பதை அத்துறவியார் உலகுக்குக் காட்டிவிட்டார். அமெரிக்காவைக் காணாது நூலைக் கொண்டு வாதித்தவர் ஒருவர். கண்டு வாதித்தவர் மற்றவர்.

அளவையியலும் அரிஸ்டோட்டிலோடு நின்றுவிடவில்லை. அவருக்குப்பின் அது ஓரடியும் முன்செல்லவில்லை என 1787இல் காண்ட் என்னும் ஜெர்மானிய மெய்யியலாளர் கருதினார். 1854இல் ஜோர்ஜ் பூல் அதனை அட்சரகணிதம்போல் எழுதிக் காட்டினார். 1879இல் பிரேகே புதிய குறியீட்டை வகுத்து அதன் எல்லையை மிக விரித்தார். இக்காலக் கணினிகளின் உள்ளேயும் அப்புதிய அளவையியலே தொழிற்படுகின்றது. ஆனால் கணினியாயினும் மனிதனாயினும் பொய்யான எடுகூற்றைக் கொடுத்தால் பிழையற்ற தொடுப்பினாலே பொய்யான முடிவுக்குச் செல்லக்கூடும். இவ்விடயத்தில் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளில் யாதொரு மாற்றமும் இல்லை.

இளைஞர்காள்! அரிஸ்டோட்டிலின் சரித்திரத்திலிருந்து நாம் இரண்டு பழக்கங்களைக் கைக்கொள்வோமாக. ஒன்று, பிறர் வாதத்தையும் நம் வாதத்தையும் தொடுப்புப் பிசகாது சோதித்தல். இதற்கு அளவையியல் போதும். மற்றையது, எல்லாரும் ஒப்புகின்றார் என்பதற்காக எந்த எடுகூற்றையும் ஏற்றுக்கொள்ளாது, சென்று, பார்த்து, கேட்டு அறிதல். இதற்கு ஒழுக்கம் வேண்டும், சிலவேளை துணிவும் வேண்டும். பிறப்பினால் ஒருவர் மற்றொருவரிலும் தாழ்ந்தவர் என்னும் எடுகூற்று, பல நாடுகளில் பல பெயர்களோடு இன்றும் உலாவுகின்றது. நம்மிடத்திலும் இல்லையென்று சொல்வார் யார்? அதன்மேல் அடுக்கப்படும் வாதங்கள் சில மிக நேர்த்தியாகவும் இருக்கும். அவற்றை எதிர்கொள்ளும்போது வாதத்தின் கடைசி வரியோடு போராடிக்கொண்டிருத்தல் வேண்டாம். முதல் வரிக்குச் சென்று, யாரைப் பற்றி அவ்வரி பேசுகின்றதோ அவர் வீட்டு வாயிலில் நின்று, இது உண்மைதானா என்று கேட்போம்.

பெரியோர்களும் இளைஞரின் இவ்வினாவை மரியாதைக் குறைவாக எண்ணாது பொறுப்பார்களாக. தம் குருவைக் கேள்வி கேட்ட மாணாக்கர் ஒருவரையே உலகம் இன்றும் அளவையியலின் தந்தை என்று போற்றுகின்றது.